கோடை இன்டர்ன்ஷிப்: ஊரை ஒட்டிய ஆலையா, சென்னையா, ஆய்வகமா, இணையவழியா?

ஆந்திரத்தின் சத்தியவேடு, நகரி, புத்தூர், சித்தூர், குப்பம் வட்டாரங்களில் கல்லூரியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் பிப்ரவரி பிறந்துவிட்டால் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறது, ஆனால் ஸ்டைபண்ட் (பயிற்சிக்கால உதவித்தொகை) கிடையாது. சென்னையில் இன்னொரு கம்பெனி மாதம் 8,000 ரூபாய் தருகிறேன் என்கிறது. எதற்குப் போவது? இதற்கிடையில், திருப்பதிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இடம் கேட்கலாமே என்று ஆசிரியர் சொல்கிறார். வீட்டிலிருந்தபடியே முடித்துச் சான்றிதழ் பெறலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரமும் வருகிறது.

ஆந்திரத்தின் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இது விருப்பப் பாடமாக விட்டுவிடக்கூடிய விஷயமும் அன்று. 2020-21 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் மொத்தம் பத்து மாதப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது: முதலாண்டு முடிந்ததும் இரண்டு மாதச் சமூக சேவைத் திட்டப்பணி, இரண்டாமாண்டு முடிந்ததும் இரண்டு மாதக் குறுகிய காலப் பயிற்சி, அதன்பின் ஒரு செமஸ்டர் முழுவதும் பயிற்சி. சேர்ந்த ஆண்டைப் பொறுத்து விவரங்கள் மாறும் என்பதால், தாங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய ஒழுங்குமுறையைத் துறைத்தலைவரிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. சமூக சேவைத் திட்டப்பணி பெரும்பாலும் சொந்த ஊரிலேயே முடிந்துவிடும். எங்கே போவது, பணத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி மற்ற இரண்டுக்குத்தான் எழுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், செலவெல்லாம் போகக் கையில் நிற்கும் தொகை. ஸ்டைபண்ட் எவ்வளவு என்று கேட்பவர்கள் பலர். அதிலிருந்து விடுதி, சாப்பாடு, வண்டிச் சத்தம் எல்லாம் கழித்துப் பார்ப்பவர்கள் சிலர். அதைவிட முக்கியமானதாக நான் கருதுவது, முதல் ஸ்டைபண்ட் வங்கிக் கணக்கில் ஏறுவதற்கு முன் வீட்டிலிருந்து எடுக்க வேண்டிய பணம். விசைத்தறிக் கூலியிலோ கொல்லை வேலையிலோ நடக்கும் குடும்பத்துக்கு இரண்டு மாதத்தில் ஐயாயிரம் குறைவது தாங்கக்கூடியதாக இருக்கும். ஒரே வாரத்தில் பதினெட்டாயிரம் புரட்டுவது வட்டிக்கு வாங்குவதில் போய் முடியும்.

இரண்டாவது, அங்கே நாள்தோறும் என்ன வேலை, யார் சொல்லிக்கொடுப்பார் என்பது. பேர் பெற்ற கம்பெனியின் வரவேற்பறையில் கோப்பு அடுக்குவதைவிட, பெயர் தெரியாத உதிரிபாகப் பட்டறையில் ஒரு சூப்பர்வைசரின் பக்கத்தில் நின்று வேலை பழகுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. மூன்றாவது, கல்லூரி அதை ஏற்குமா என்பது. செய்த வேலையைப் பதியும் லாக் புக்கில் வாரந்தோறும் கையெழுத்திடவும், இறுதியில் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பவும் அங்கே ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் இரண்டு மாத உழைப்புக்கும் கிரெடிட் வராது. நான்காவது, போக்குவரத்தும் பாதுகாப்பும். ஐந்தாவது, அந்தக் கோடையில் விட்டுக்கொடுக்கும் வருமானம். மாங்காய் மண்டியிலும் தறியிலும் கடையிலும் விடுமுறைக் கூலி சம்பாதித்து அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் சேர்க்கும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர். அந்த இழப்பையும் கணக்கில் எழுத வேண்டும்.

## ஊரை ஒட்டிய ஆலைகள்

சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டரில், சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் விரிந்து கிடக்கும் ஸ்ரீசிட்டியில் இசுசு, டைகின், ஆல்ஸ்டம், மாண்டலீஸ் போன்ற கம்பெனிகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அவற்றுக்கே விண்ணப்பிப்பதால் அங்கே போட்டி மிகுதி. பெரிய பொறியியல் கல்லூரிகளோடு ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தால் மற்றவர்களுக்கு இடம் சுருங்கிவிடும். இவற்றுக்குப் பொருள் செய்து தரும் நடுத்தர, சிறு ஆலைகளைத் தேடுவதே பலன் தரும். ஜனவரிக் கடைசியில் கல்லூரிக் கடிதத்தோடு நேரில் போய் மனிதவள அலுவலரைப் பார்ப்பது, அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஊர்க்கார அண்ணனையோ அக்காவையோ எந்தப் பிரிவில் ஆள் தேவை என்று கேட்டுச் சொல்லச் சொல்வது, இரண்டும் இணையத்தில் படிவம் நிரப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட விரைவாக வேலைக்காகும்.

வணிகவியல் மாணவருக்கு எல்லையோர ஆலையின் ஸ்டோர்ஸ் பிரிவு நல்ல பள்ளிக்கூடம். வந்த சரக்கைப் பதிவது, இருப்பைச் சரிபார்ப்பது, லாரி கிளம்பும் முன் பில்லும், சரக்கை எடுத்துச்செல்ல இணையத்தில் எடுக்கும் ஈ-வே பில்லும் போடுவது ஆகியவை அன்றாடம் நடக்கும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால் ஈ-வே பில் வேண்டும். அதே பொருள் ஆந்திரத்துக்குள்ளேயே நாயுடுபேட்டைக்குப் போனால் மாநில, மத்திய ஜி.எஸ்.டி. இரண்டும், தடாவைத் தாண்டித் தமிழ்நாட்டின் கும்மிடிப்பூண்டிக்குப் போனால் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யும் விழும். பாடப் புத்தகத்தில் குழப்பிய இந்த வேறுபாடு, ஒரே நாளில் இரண்டு லாரிகளுக்குப் பில் போட்டுப் பார்த்தவருக்கு மறக்காது.

வேதியியல், நுண்ணுயிரியல், உணவு அறிவியல் மாணவர்களுக்குச் சித்தூர் மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகளைத்தான் முதலில் சொல்வேன். தோத்தாபுரி மாங்காய் வரத்து மே மாதக் கடைசியில் சூடுபிடித்து ஜூலை வரை நிற்கும். அதுவே பயிற்சிக் காலமும்கூட. ஆலையின் ஆய்வறையில் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டுக் கூழை விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் ஒரு கோட்டில் பிரியும். அந்தக் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பிரிக்ஸ், அதாவது கூழின் சர்க்கரை அளவு. தோத்தாபுரிக் கூழுக்கு 14-க்குக் குறையக் கூடாது என்பது வியாபாரத்தில் வழக்கமாகக் கேட்கப்படும் எல்லை. குறைந்தால் அந்தத் தொகுதி தனியே ஒதுக்கப்படும். அடுத்து பி.எச். அளவு, அதன்பின் சோடியம் ஹைட்ராக்சைடும் பினால்ப்தலீனும் வைத்து அமிலத்தன்மை. கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகச் செய்த அதே டைட்ரேஷனைத்தான் இங்கே செய்யப்போகிறார்கள். ஆனால் இங்கே தவறினால் ஒரு டிரம் கூழ் கெடும் என்பதால் கை தானாகவே கவனம் பழகிக்கொள்கிறது.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. பாதுகாப்புக் காலணி பெரும்பாலும் சொந்தச் செலவு. கம்பெனி பஸ் நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டுமா, பயிற்சி மாணவருக்கும் உண்டா என்று முன்கூட்டியே கேட்காவிட்டால் மாதம் 1,500 ரூபாய் பஸ்ஸுக்கே போகும். சத்தியவேட்டில் ரயில் நிலையம் இல்லாததால் மாற்று வழியும் குறைவு. மாங்கூழ் ஆலையில் பருவம் இரண்டு வாரம் தள்ளிப்போனால் மே முழுவதும் சும்மா உட்கார நேரும். பருவம் உச்சத்தில் இருக்கும்போதோ சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. எனவே தொடக்க நாளை ஆலையோடும் கல்லூரியோடும் பேசி மே கடைசிக்குத் தள்ளிக்கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். ஷிப்டு வேலை என்றால் பயிற்சி மாணவர்களுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, பகல் நேர ஜெனரல் ஷிப்டு வேண்டும் என்று கல்லூரிக் கடிதத்திலேயே எழுதி வாங்குவது நலம். இயந்திரங்களுக்கு நடுவே நிற்கும் வேலைக்கு விபத்துக் காப்பீடும் இருக்க வேண்டும். வங்கிக் கணக்குள்ள 18 வயது நிரம்பியவர் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரலாம். விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் ரூபாய் வரை அதில் உண்டு.

இரண்டு மாதக் குறுகிய பயிற்சிக்கும், ஊரை விட்டுப் போக முடியாத குடும்பச் சூழலுக்கும், ஞாயிற்றுக்கிழமைக் கூலியையாவது விடாமல் வைத்துக்கொள்ள வேண்டியவர்களுக்கும் இதுவே ஏற்றது.

## சென்னை, பெங்களூரு கம்பெனிகள்

ஸ்டைபண்ட் தரும் இடங்கள் பெரும்பாலும் இங்கேதான். கணினி அறிவியல், பி.சி.ஏ., பி.பி.ஏ. மாணவர்களுக்கு ஊர்ப்பக்கம் பொருத்தமான வேலை குறைவு என்பதால் அவர்களுக்கு வேறு வழியும் பெரிதாக இல்லை. குப்பத்துக்காரர்களுக்குப் பெங்களூரு ரயில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பத்துக்காரர்களுக்கு அரக்கோணம் வழியாகச் சென்னை. தடா, சூளூர்பேட்டைக்காரர்கள் சென்னைக்குப் புறநகர் ரயிலிலேயே போகலாம். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும் என்பதால் சிலர் தினமும் போய்வரத் துணிகிறார்கள். நாளில் ஐந்தாறு மணி நேரம் ரயிலிலும் ஸ்டேஷனிலும் கழியும் ஏற்பாடு இரண்டு மாதத்துக்கு ஒருவாறு ஒத்துவரும். ஆறு மாதத்துக்கு உடம்பு தாங்காது.

தங்கிப் போவதற்கும் வீட்டிலிருந்து போவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கீழே எண்களில் வைத்திருக்கிறேன். இவை எடுத்துக்காட்டுத் தொகைகள். அவரவர் விலைவாசியைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

| இரண்டு மாதக் கணக்கு (ரூபாய்) | சென்னை, தங்கிப் போவது | ஸ்ரீசிட்டி, வீட்டிலிருந்து |
|---|---|---|
| ஸ்டைபண்ட் வரவு | 16,000 | இல்லை |
| தங்குமிடமும் சாப்பாடும் | 15,000 | மதியச் சாப்பாடு 2,000 |
| அட்வான்சில் பிடித்தம் | 1,500 | இல்லை |
| போக்குவரத்து | 3,000 | 3,000 |
| உடை, காலணி | 2,000 | 1,200 |
| கைக்காசு போவது | 5,500 | 6,200 |
| முதல் மாதம் முடியும்வரை புரட்ட வேண்டியது | 18,500 | 3,700 |

மாதம் 8,000 தரும் சென்னையும் ஒன்றும் தராத ஸ்ரீசிட்டியும் கடைசிக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கம்பெனி பஸ்ஸும் கேன்டீனும் கிடைத்துவிட்டால் ஸ்ரீசிட்டியின் செலவு காலணியோடு முடிந்துவிடும். கடைசி வரிதான் பெரிதாக விலகுகிறது: விடுதிக்காரர் ஒரு மாத வாடகையை அட்வான்சாகவும் இன்னொரு மாதத்தை நடப்பு வாடகையாகவும் முதல் நாளே கேட்பார், ஸ்டைபண்டோ மாதம் முடிந்து, வருகைப் பதிவு சரிபார்த்து, அடுத்த மாதம் முதல் வாரத்தில்தான் வரும். இந்தக் கணக்குப்படி இரண்டு மாதத்துக்குச் செலவும் வரவும் சரியாக நிற்க வேண்டுமானால் ஸ்டைபண்ட் ஏறத்தாழ 10,750 ரூபாய் இருக்க வேண்டும். ஆறு மாதம் என்றால் அட்வான்ஸ் பிடித்தமும் துணிமணிச் செலவும் நீண்ட காலத்துக்குப் பரவுவதால் 10,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைந்தாலும் போதும்.

சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ தங்கிக்கொள்ளலாம் என்பது நம் பக்கத்தில் வழக்கமாக வரும் பதில். வாடகை மிச்சமாவது உண்மைதான். ஆனால் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இரண்டு மாதம் கூடுதலாக ஓர் ஆள் என்பது அவர்களுக்குச் செலவு. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று வீட்டிலிருந்து கொடுத்தனுப்புவதோடு, மாதம் ஒரு தொகையையும் பேசிக் கொடுத்துவிடுவது உறவுக்கும் நல்லது. ஆறு மாதப் பயிற்சிக்கு இந்த ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் பிள்ளைகளுக்குச் சென்னையில் ஒரு நன்மை உண்டு: தமிழும் தெலுங்கும் வீட்டிலும் வீதியிலும் பழகியவர்கள். வாடிக்கையாளர் சேவை, விற்பனை, மருந்து விநியோகம், சரக்குப் போக்குவரத்து போன்ற பிரிவுகளில் ஆந்திர, தமிழக வாடிக்கையாளர் இருவரிடமும் பேசத் தெரிந்தவரை விரும்பி எடுப்பார்கள். இதை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். தெலுங்கு வழியில் படித்ததால் தமிழைச் சரளமாகப் பேசியும் எழுத வராதவர்கள் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம்.

ஒரு செமஸ்டர் முழுவதுக்குமான பயிற்சிக்குச் சென்னையும் பெங்களூரும் ஏற்றவை. அங்கே நல்ல வேலை செய்தவரை அந்தக் கம்பெனியே வேலைக்கு வைத்துக்கொள்ளும் வாய்ப்பும் ஆறு மாதப் பயிற்சியில்தான் உண்டு; இரண்டு மாதத்தில் ஆளை அறிந்துகொள்வதற்குள் பயிற்சியே முடிந்துவிடும்.

## ஆய்வகங்கள்

ஏர்ப்பேடு பக்கத்தில் ஐ.ஐ.டி. திருப்பதியும், அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனமான ஐசர் திருப்பதியும் இருக்கின்றன. பாகாலைக்கு அருகே கடங்கியில் விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. வளிமண்டலத்தை ஆராயும் பெரிய ரேடார் ஒன்று அங்கே இயங்குகிறது. முதுகலையும் ஆராய்ச்சியும் நோக்கமாக உள்ள இயற்பியல், வேதியியல், உயிரியல் மாணவர்கள் இவற்றை விட்டு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. இங்கே பேராசிரியருக்கு எழுதும் கடிதமே எல்லாம். அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது படித்து, அதில் எந்தப் பகுதி புரிந்தது, எதைக் கற்க விரும்புகிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்று பத்து வரிகளில் எழுதி, மதிப்பெண் பட்டியலை இணைத்தால் போதும். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்புவதில் பயன் இல்லை. பெறுபவர் முதல் வரியிலேயே கண்டுகொள்வார்.

பணத்தில் இவை ஏமாற்றலாம். இஸ்ரோவின் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் ஸ்டைபண்ட் கிடையாது; பேராசிரியர்கள் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளும்போதும் பெரும்பாலும் அப்படியே. பணமும் கிடைக்கும் வழி, நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கை. இரண்டு மாத உதவித்தொகையோடு ரயில் கட்டணமும் தருவார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பிப்ரவரியில் தேடத் தொடங்குபவர்களுக்கு அது போயே போயிற்று. இரண்டாமாண்டில் காலடி வைக்கும்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டம் முடித்ததும் வேலைக்குப் போயாக வேண்டிய குடும்பப் பிள்ளைக்கு ஆய்வகம் உகந்த இடம் அன்று. எம்.எஸ்சி. சேரப்போகும் பிள்ளைக்கு, ஸ்டைபண்ட் இல்லாவிட்டாலும், மற்ற எல்லாவற்றையும்விட இதுவே மேல்.

## இணையவழிப் பயிற்சி

இதில் நல்லதும் உண்டு. மொழிபெயர்ப்பு, தரவு ஒழுங்குபடுத்தல், இணையதள வடிவமைப்பு போன்ற வேலைகளை வீட்டிலிருந்தே செய்து, அளவான ஸ்டைபண்டும் பெறுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வருபவற்றில் பெரும்பகுதி, பதிவுக் கட்டணம் என்று இரண்டாயிரமோ மூவாயிரமோ வாங்கிக்கொண்டு, சில காணொளிகளைக் காட்டிச் சான்றிதழ் விற்பவை. பயிற்சி பெறும் மாணவர் பணம் கட்ட வேண்டும் என்று யார் சொன்னாலும், அது எவ்வளவு சிறிய தொகையானாலும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆட்குறைப்புக் காலத்தில் திறமையான மாணவர்கள்கூட இந்த வலையில் விழுவதைப் பார்க்க மனம் பதைக்கிறது. இன்டர்ன்ஷாலா இணையதளம், தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் இன்டர்ன்ஷிப் தளம் ஆகியவற்றில் வரும் அழைப்புகளையும், கம்பெனியின் பதிவு, முகவரி, அங்கே ஏற்கெனவே பயின்ற ஒருவரிடம் விசாரணை என்று மூன்றையும் பார்த்த பிறகே ஏற்க வேண்டும். இணையவழிப் பயிற்சியைக் கல்லூரி ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

உடல்நலக் காரணத்தாலோ, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாலோ வெளியே போக முடியாதவர்களுக்கும், கணினி வேலையில் ஏற்கெனவே கை தேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். முதன்முதலாக ஒரு பணியிடத்தைப் பார்க்கப்போகும் பிள்ளைக்குப் பொருந்தாது.

## குறையும் பணத்தை எங்கே தேடுவது

முதலில் பயிற்சி தரும் இடத்திலேயே கேட்க வேண்டும். ஸ்டைபண்ட் தர வழியில்லை என்று சொல்லும் ஆலை, கேன்டீன் சாப்பாட்டையும் கம்பெனி பஸ்ஸையும் தர மறுப்பது அரிது; கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். ஸ்டைபண்ட் தரும் கம்பெனியிடம் முதல் மாதத்தை மட்டும் இரண்டு தவணையாகத் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம்.

கல்விக் கடன் ஏற்கெனவே எடுத்திருப்பவர்கள் வங்கிக்குப் போய் விசாரிக்க வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் கட்டணம், விடுதி, புத்தகத்தோடு, படிப்பை முடிக்கத் தேவையான கல்விச் சுற்றுலா, திட்டப்பணி போன்ற செலவுகளும் இடம்பெறுகின்றன. பயிற்சி பாடத்திட்டத்தில் கட்டாயம் என்று முதல்வர் கையெழுத்திட்ட கடிதமும் செலவு மதிப்பீடும் இருந்தால், அனுமதிக்கப்பட்ட கடனில் இன்னும் எடுக்காத பகுதியிலிருந்து அதற்குப் பெற முயலலாம். இரண்டு மாதப் பயிற்சிக்காக மட்டும் புதிதாகக் கடன் எடுப்பது வேண்டாம். கந்துவட்டி வேண்டவே வேண்டாம், அதற்குப் பதில் வீட்டிலிருந்து போகக்கூடிய ஆலையைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லைக்கு அப்பால், திருத்தணி, திருவள்ளூர், வேலூர் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் கல்லூரி வழியாகக் கிடைக்கின்றன. வீடு தமிழ்நாட்டில் இருந்து, ஆந்திரக் கல்லூரியில் படிப்பவருக்கு அது கிடைக்கும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கியபோது 21 முதல் 24 வயது வரையுள்ளவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சியும், மாதம் 5,000 ரூபாயும், ஒருமுறை 6,000 ரூபாயும் என்று அறிவித்தார்கள். முழுநேரமாகக் கல்லூரியில் படிப்பவர்கள் அதில் சேர முடியாது என்ற நிபந்தனையும் அப்போது இருந்தது; அது பலர் கண்ணில் படவில்லை. எனவே கல்லூரியின் கட்டாயப் பயிற்சிக்கு இதை நம்பியிருக்கக் கூடாது. பட்டம் முடித்த பிறகு இதையும், தேசிய அப்ரெண்டிஸ் பயிற்சித் திட்டத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பயனுள்ளது. பின்னதில் பட்டதாரிக்கான குறைந்தபட்ச உதவித்தொகையை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மாதம் 9,000 ரூபாய் என வைத்தது. தென்மாநிலங்களுக்கான வாரிய அலுவலகம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. மூன்றாமாண்டுப் பயிற்சியைச் செய்த ஆலையே அப்ரெண்டிஸ் எடுக்கும் ஆலையாகவும் இருந்தால், பயிற்சி முடியும் வாரத்தில், லாக் புக்கில் கடைசிக் கையெழுத்து வாங்கும்போதே, அடுத்த அப்ரெண்டிஸ் சேர்க்கை எப்போது என்று அந்த மேலாளரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.